டெப் வைஃபையை விட்டு விட்டுப் போகிறதா? கடைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டிய தெரிவுகள்

பிள்ளையின் ஒன்லைன் வகுப்பு பாதியில் நிற்கும்போது மட்டக்களப்பு வீடுகளில் நான்கு யோசனைகள் எழும்புகின்றன. தகப்பன் ரவுட்டரை மாற்ற வேண்டும் என்பார். கடைக்காரர் வைஃபை அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை எடுத்து நீட்டுவார். கனடாவில் இருக்கும் சித்தப்பா புதிய டெப் அனுப்புவதாகச் சொல்வார். பிள்ளையோ அம்மாவின் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுத் தந்தால் போதும் என்று கேட்கும். நான்கிலும் நியாயம் உண்டு. ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு கோளாறுகளுக்கு உரியவை. எந்தக் கோளாறு என்று பார்க்காமல் வாங்கிய பொருள் வீட்டில் இன்னொரு மின்பிளக்கை அடைத்துக்கொண்டு இருக்குமே தவிர வகுப்பு ஓடாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைகளில் முதலில் கைக்கு வருகிற ரிப்பீட்டர்தான் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன் செலவில்லாத வேலைகள் பல இருக்கின்றன. செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றாலும் அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

அறுவது எது?

"நெட் போய்விட்டது" என்று பிள்ளை கத்தும்போது திரையின் மேல் மூலையைப் பாருங்கள். வைஃபை அடையாளமே காணாமல் போயிருந்தால் டெப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில் தொடர்பு முறிந்திருக்கிறது. அடையாளம் இருந்து பக்கத்தில் ஆச்சரியக்குறி விழுந்திருந்தால் டெப் ரவுட்டரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் அதற்கு அப்பால்தான் வழி இல்லை. அடையாளமும் சரி, குறியும் இல்லை, ஆனால் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் அது மூன்றாவது வகை.

அதே நிமிடத்தில், அதே இடத்தில், மொபைல் டேட்டாவை நிறுத்திய ஒரு போனை அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். போனும் விழுந்தால் டெப்பின் மேல் குற்றமில்லை. போன் ஓடி டெப் மட்டும் விழுந்தால் சந்தேகம் டெப்பின் பக்கம் திரும்புகிறது. பிறகு டெப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு வகுப்பு முழுவதும் அங்கேயே ஓட விடுங்கள். பக்கத்தில் விழாதது பின்னறையில் விழுந்தால் தூரமும் சுவரும்தான் எதிரிகள். இந்த மூன்று சோதனைக்கும் ஒரு சதம் செலவில்லை. ஆனாலும் கடைக்கு டெப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் இதைச் செய்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு.

ரவுட்டரின் விளக்குகளும் பேசும். ஃபைபர் இணைப்பில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியிழையில் சமிக்ஞை வரவில்லை. வீட்டுக்குள் இழை மடங்கியிருக்கலாம், வெளியே மரக்கிளை விழுந்திருக்கலாம். அது சேவை வழங்குநர் வந்து பார்க்க வேண்டிய வேலை. 4ஜி ரவுட்டர் என்றால் மாலையில் ஊரே இணையத்தில் இருக்கும் நேரத்தில் தொலைபேசிக் கோபுரத்தில் நெரிசல் கூடி வேகம் விழும். அதையும் வைஃபையின் தலையில் போடுகிறோம். இப்படிப் போகும் வீடுகளில் புதிய டெப்பும் உதவாது, பல பெட்டிகளை வைத்து வீடெங்கும் ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ்ஷும் உதவாது. அறுந்த நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்து முறைப்பாடு செய்யுங்கள். பலமுறை சொல்லியும் பதில் இல்லை என்றால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அங்கே அந்தக் கொப்பிக் குறிப்புத்தான் கை கொடுக்கும்.

மூன்றாவது வகை விசித்திரமானது. பட்டரி முற்றாக இறங்கிய பழைய டெப் எழும்பும்போது திகதி பல வருடம் பின்னால் போயிருந்தால், பாதுகாப்பான தளங்கள் எதையும் அது நம்பாது. திகதியைத் திருத்தினால் சரி. இன்னும் பழைய டெப்புகளில், அதாவது அண்ட்ரொய்ட் 7.1.1 பதிப்புக்கு முந்தையவற்றில், 2024 செப்டெம்பருக்குப் பிறகு பல தளங்கள் உலாவியில் திறப்பதில்லை. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும் மூலச்சான்று அந்தப் பதிப்புகளில் இல்லை. பயர்பொக்ஸ் உலாவி தன் சான்றுகளைத் தானே கொண்டுவருவதால் அதைப் போட்டுச் சிலர் தப்பித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட டெப்பைப் படிப்புக்கு வைத்துக்கொண்டு ரவுட்டரைத் திட்டுவதில் பொருளில்லை.

டெப்புக்குள் செய்யக்கூடியவை

போன் ஓடி டெப் மட்டும் விழுகிறது என்றால் இங்கிருந்து தொடங்கலாம். வைஃபை பட்டியலில் வீட்டின் பெயரைத் தொட்டு, அதை மறக்கச் செய்து, கடவுச்சொல்லை மீண்டும் கொடுத்து இணையுங்கள். போதவில்லை என்றால் வலையமைப்பு அமைப்புகள் முழுவதையும் ரீசெட் செய்யுங்கள். அண்ட்ரொய்டில் இது சிஸ்டம் பகுதியில் ரீசெட் என்ற தலைப்பின் கீழும், சாம்சங்கில் ஜெனரல் மனேஜ்மென்ட் பகுதியிலும், ஐபேடில் ஜெனரல் பகுதியின் அடியிலும் இருக்கும். ரீசெட் என்ற சொல்லைக் கண்டதும் படங்களும் பாடக் குறிப்புகளும் அழிந்துவிடும் என்று பயந்து பலர் இதைத் தொடுவதில்லை. இதில் அழிவது சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் போன்றவைதான். எல்லாவற்றையும் துடைக்கும் ஃபெக்டரி ரீசெட் வேறு வரியில் இருக்கிறது. அந்த வரியை மட்டும் தொட்டுவிட வேண்டாம்.

அடுத்த சந்தேகம் விபிஎன், அதாவது இணையப் போக்குவரத்தை வேறோர் இடத்து வழங்கி வழியாகச் சுற்றிவிடும் செயலி. இந்த நாட்டில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது வீட்டுக்கு வீடு இலவச விபிஎன் செயலிகள் இறக்கப்பட்டன. முடக்கம் போய்விட்டது, செயலிகள் போகவில்லை. பழைய போனின் காப்புப் பிரதியிலிருந்து புதிய டெப்புக்கும் அவை குடிபெயர்ந்து, பின்னணியில் எழும்பி, எங்கோ ஒரு தூரதேசத்து வழங்கி பதில் சொல்லாதபோது "இணைந்திருக்கிறது, இணையம் இல்லை" என்று காட்ட வைக்கின்றன. தேவையில்லாத விபிஎன்னை அழித்துவிடுங்கள்.

அயலார் கடவுச்சொல்லைப் பிடித்துவிட்டார்கள் என்று, வீட்டுக் கருவிகளை மட்டும் அனுமதிக்கும்படி ரவுட்டரைப் பூட்டியிருக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பூட்டு, கருவியின் அடையாள எண்ணான மெக் முகவரியைப் பார்த்துத் திறப்பது. அண்ட்ரொய்ட் 10 முதலும், 2020இல் வந்த ஐபேட்ஓஎஸ் 14 முதலும், தனியுரிமைக்காக டெப்புகள் உண்மையான மெக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. அந்த முகவரி மாறினால் நேற்று உள்ளே விட்ட ரவுட்டர் இன்று விடாது. வீட்டு வைஃபைக்கு மட்டும் இந்த மறைப்பை நிறுத்திவிடலாம். என்னைக் கேட்டால் மெக் பூட்டையே எடுத்துவிட்டு நீளமான கடவுச்சொல் ஒன்றை வைப்பது மேல்.

திரை இருண்ட பிறகு மட்டும் தொடர்பு போய், தட்டி எழுப்பியதும் ஓரிரு வினாடியில் வந்துவிட்டால் அது பட்டரிச் சேமிப்பின் வேலை. கோளாறு அல்ல. பெரிய கோப்பு இறக்கும்போது மட்டும் சேமிப்பை நிறுத்தி வைத்தால் போதும்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். ஐபேடை 0 முதல் 35 பாகை வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அஸ்பெஸ்டோஸ் கூரைக்குக் கீழே அந்த எல்லையைப் பகல் இரண்டு மணிக்கே தாண்டிவிடுவோம். தடித்த உறையோடு, மெத்தையின் மேல், சார்ஜரும் குத்தியபடி வகுப்பு ஓடினால் டெப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. படம் நிற்கிறது, குரல் உடைகிறது, பழி வைஃபைக்கு. உறையைக் கழற்றி மேசையில் வைத்து, சார்ஜ் செய்வதை வகுப்புக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். உறையைக் கழற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள்: உலோகத் தகடு வைத்த உறைகள் அன்டெனாவையே மறைக்கக்கூடும்.

ரவுட்டர்: இடமும் அலையும்

போனும் டெப்பும் சேர்ந்து பின்னறையில் விழுகின்ற வீடுதான் இந்தப் பக்கத்தில் அதிகம். ஃபைபர் தெருவிலிருந்து முன் ஹோலுக்குள் நுழைகிறது. ரவுட்டர் அங்கேயே தொலைக்காட்சிக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. பிள்ளை படிப்பதோ சத்தமில்லாத பின்னறையில். நடுவில் சீமெந்துக் கற்சுவர் இரண்டு, ஓர் இரும்பு அலுமாரி, சில வீடுகளில் தகரத் தடுப்பு. ஆரையம்பதியில் மாமி ஒருவர் ரவுட்டரை அலுமாரிக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார். கேட்டதற்கு, "பிள்ளைகள் தட்டி விழுத்திவிடுவார்கள் மகன், அதுதான் பத்திரமாக வைத்தேன்" என்றார். பத்திரம்தான். இரும்புப் பெட்டிக்குள் அலையும் பத்திரமாக இருந்துகொண்டது. கதவைத் திறந்து ரவுட்டரை அலுமாரியின் மேலே வைத்ததோடு அந்த வீட்டுப் பிரச்சினை முடிந்தது.

உலோகம் அலையைத் திருப்பி விடுகிறது, தண்ணீர் அதைக் குடித்துவிடுகிறது. அலங்காரத்துக்கு வைத்த மீன்தொட்டி ரவுட்டருக்கும் அறைக்கும் நடுவில் நின்றால் அதுவும் ஒரு சுவர்தான். ரவுட்டர் நெஞ்சளவு உயரத்துக்கு மேலே, திறந்த வெளியில், வீட்டின் நடுப்பகுதிக்கு எவ்வளவு கிட்ட வர முடியுமோ அவ்வளவு கிட்ட வர வேண்டும். ஃபைபர் இழையை நீங்களே இழுத்து மடிக்க வேண்டாம். மெல்லிய கண்ணாடி அது. இடம் மாற்றித் தரும்படி வழங்குநரைக் கேளுங்கள்.

நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்க விரும்பினால் அண்ட்ரொய்ட் போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்று போதும். அலையின் பலம் டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியோடு வரும். பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. -50 டிபிஎம் மிக நன்று. காணொளி வகுப்புக்கு -67 அளவு வேண்டும். -80ஐத் தொட்டால் அறுவதைப் பற்றி ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இன்றைய ரவுட்டர்கள் பலவும் 2.4 ஜிகாஹேர்ட்ஸ், 5 ஜிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது விரைவில் களைத்துவிடும். 2.4 மெதுவானது, தூரம் போகும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் டெப் வேகத்துக்கு ஆசைப்பட்டு 5ஐப் பிடித்துக்கொண்டு, பின்னறையில் அது தேயும் வரை விடாமல் தொங்கி, பிறகு அறுத்துக்கொண்டு 2.4க்குத் தாவும். அந்தத் தாவலில்தான் வகுப்பு போகிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். பின்னறை டெப்பில் 2.4ஐ மட்டும் சேமித்து மற்றதை மறக்கச் செய்யுங்கள். 2.4 மெதுவானது என்று பயப்பட வேண்டாம். ஒரு காணொளி வகுப்புக்கு 3 எம்பிபிஎஸ் தாராளம், ஒழுங்காக இருக்கும் 2.4 அதைவிடப் பல மடங்கு தரும். செலவில்லாத தெரிவுகளில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் எண்ணம். ரவுட்டர்ப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொண்டு உள்ளே போகலாம். வழங்குநர் சில அமைப்புகளைப் பூட்டியிருந்தால் தொலைபேசியில் கேட்டுச் செய்விக்கலாம்.

காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனைப் பகுதிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள், வீட்டுக்கு ஒரு ரவுட்டர், எல்லாம் ஒரே அலையில் போட்டி போடுகின்றன. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சனல்கள், அதாவது அலைப் பாதைகள், மூன்றே மூன்று: 1, 6, 11. அனலைசரில் பார்த்து, அயலில் நெரிசல் குறைந்த ஒன்றை நிலையாக வைத்து, சனலின் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் நிறுத்துங்கள். 40இல் வைத்தால் வேகம் கூடும் என்று சொல்வார்கள். தனித்த வளவில் அது உண்மை. காத்தான்குடியில் அயலவரின் இடத்தையும் அடைத்து, எல்லோரும் சேர்ந்து விழ வழி பண்ணும். 5 ஜிகாஹேர்ட்ஸில் நிறையச் சனல்கள் இருப்பதால், ரவுட்டர் இருக்கும் அறையிலேயே படிக்கும் பிள்ளைக்கு இந்த ஊர்களில் 5தான் நல்லது. அதாவது பின்னறைக்குச் சொன்னதற்கு நேர் எதிர்.

சித்தப்பா அனுப்பிய டெப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கா, கனடாச் சந்தைக்குச் செய்த சில டெப்புகள் 2.4இன் 12, 13 ஆம் சனல்களைக் கேட்பதில்லை. ரவுட்டர் தானாகச் சனல் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்து ஒருநாள் 13க்குப் போய்விட்டால் டெப்பின் பட்டியலில் வீட்டின் பெயரே இருக்காது, மறுநாள் வந்துவிடும். பேய் பிடித்ததாக நினைத்துக் கடைக்குக் கொண்டு போவார்கள். சனலை 1, 6, 11இல் ஒன்றாக நிறுத்தினால் பேய் போய்விடும். பழைய டெப் என்றால் ரவுட்டரில் வைத்திருக்கும் வைஃபை பூட்டின் வகையையும் பாருங்கள். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யுபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய கருவிகள் இணைய முடியாது. டபிள்யுபிஏ2, 3 இரண்டும் கலந்த நிலையோ வெறும் டபிள்யுபிஏ2வோ வையுங்கள். பூட்டே இல்லாமல் திறந்து விடுவது தீர்வு அல்ல.

ரவுட்டர் தானாக அணைந்து எழும்புகிறதா என்றும் கவனியுங்கள். களைத்துப்போன 12 வோல்ட் அடப்டர், வீட்டு மின்னழுத்தம் சற்றுத் தாழும்போதே ரவுட்டரை விழுத்திவிடும். தண்ணீர் மோட்டரோ குளிர்சாதனப்பெட்டியோ ஓடத் தொடங்கும் நேரத்தில் எல்லாக் கருவியும் சேர்ந்து விழுந்தால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான். அதே வோல்ட்டும் குறையாத அம்பியரும் கொண்ட புதிய அடப்டர் இந்தக் கட்டுரையிலேயே மலிவான கொள்வனவு. 2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் வீடுகளுக்குள் வந்த மினி யூபிஎஸ் இந்தத் தாழ்வையும் தாங்கும். பரீட்சை வருடத்தில் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒன்று இருப்பது நல்லது.

காசு போடுவது என்றால்: வயரா, ரிப்பீட்டரா, மெஷ்ஷா?

ரவுட்டரை நகர்த்தியும் அலையைப் பிரித்தும் பின்னறை எட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். ரிப்பீட்டரின் கவர்ச்சி தெரிகிறது: பிளக்கில் குத்தினால் முடிந்தது. ஆனால் அது தானாக எதையும் உண்டாக்குவதில்லை, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது. அலை எட்டாத பின்னறையிலேயே அதைக் குத்தினால் எட்டாத அலையைத்தான் திருப்பிச் சொல்லும். பாதி வழியில், அலை இன்னும் திடமாக இருக்கும் இடத்தில் குத்த வேண்டும். பாதி வழியில் பிளக் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் கொடுக்கும் மலிவு வகையில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அறுவதும் முற்றாக நிற்பதில்லை. முன்பு ஓர் இடத்தில் அறுந்தது, இனி இரண்டு இடங்களில் அறுவதற்கு வாய்ப்பு.

அதைவிட நான் பரிந்துரைப்பது வயர். முன் ஹோல் ரவுட்டரிலிருந்து பின்னறை வரை ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை எக்சஸ் பொயின்டாக, அதாவது வைஃபை மட்டும் பரப்பும் பெட்டியாக, வைப்பது. கெட் 5இ அல்லது கெட் 6 வகைக் கேபிள் 100 மீற்றர் வரை தேயாமல் கொண்டுபோகும். நம் வீடுகளுக்கு அதில் கால்வாசியே தேவைப்படும். தொலைபேசிக் கம்பி வழி வந்த ஏடிஎஸ்எல்லிலிருந்து ஃபைபருக்கு மாறிய வீடுகளில் பழைய ரவுட்டர் இன்னும் எங்காவது தூசி பிடித்துக் கிடக்கும். அதையே பயன்படுத்தலாம், செலவு கேபிளுக்கு மட்டும். மூன்று விடயங்களைக் கவனித்தால் போதும். பழைய ரவுட்டரின் ஐபி முகவரியை மாற்றுங்கள். முன் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இது 192.168.1.2 ஆகட்டும், அந்த எண் வேறு கருவிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருவிகளுக்கு ஐபி முகவரி பங்கிடும் அதன் டிஎச்சிபியை நிறுத்துங்கள். கேபிளை இரண்டு பக்கமும் லேன் துளையில் குத்துங்கள். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும், ஒரே முகவரி இரண்டு கருவிக்கும் போய் முன்பைவிட மோசமாக அறும். சனலையும் முன் ரவுட்டரிலிருந்து வேறாக வையுங்கள்.

வயருக்கு ஒரே எச்சரிக்கை இடி. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் மின்னல் எப்படி விழும் என்று சொல்லத் தேவையில்லை. வளவுக்குள் இரண்டு வீடு இருந்தால், தென்னையில் கட்டி வெளியே இழுத்த செம்புக் கேபிள் மின்னலின் வீச்சை இரண்டு ரவுட்டருக்குள்ளும் கொண்டுபோகக்கூடும். கூரைக்குள்ளால் போகும் கேபிளுக்கு அந்த ஆபத்து குறைவு. எப்படியானாலும் வானம் முழங்கத் தொடங்கினால் அடப்டரையும் கேபிளையும் கழற்றி வைப்பதே சரி. ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது என்று சொல்லி அசட்டையாக இருப்பவர்கள், அடப்டர் வழியாகவும் மின்னல் வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ரிப்பீட்டர் சரியான இடமும் உண்டு. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது, கூரைக்குள் ஏற உரிமையாளர் விடமாட்டார், தூரம் ஒரே ஒரு சுவர் என்றால், இரட்டை அலைவரிசை ரிப்பீட்டர் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதியோடு வாங்குங்கள். மெஷ் மூன்று மாடிக் கொங்கிரீட் வீடுகளுக்கு உரியது. மேலும் கீழும் நடந்தபடி போனில் பேசுகிறவர்கள் பலர் இருந்தால் அதன் விலைக்கு அர்த்தம் உண்டு. ஒரு டெப்புக்காக மெஷ் வாங்குவது வீண்செலவு.

படுவான்கரைக் கணக்கு வேறு

ஃபைபர் இன்னும் வராத வளவுகளில், வாவிக்கு மேற்கே வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில், மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அங்கே கேள்வி மொபைல் இணையத்தை எந்தக் கருவியால் பிடிப்பது என்பதுதான். ஹொட்ஸ்பொட் கைவசம் இருப்பது, ஆனால் அம்மாவின் போன் அம்மாவோடு வயலுக்கும் சந்தைக்கும் போய்விடும். அண்ட்ரொய்ட் போன் யாரும் பயன்படுத்தாத சில நிமிடங்களில் ஹொட்ஸ்பொட்டைத் தானே நிறுத்திக்கொள்ளும். அந்த அமைப்பை மாற்றலாம். ஐபோன் 12 முதலான ஐபோன்களில் மக்சிமைஸ் கொம்பட்டிபிலிட்டி என்ற தெரிவைப் போட்டால் 2.4 அலையில் கொடுக்கும், மலிவு டெப்புகளும் பிடிக்கும். கைக்கடக்கமான பொக்கெட் ரவுட்டர்கள் நல்லவை என்றாலும் அவற்றில் பல, 10 கருவிகளுக்கு மேல் ஏற்பதில்லை. விருந்தினர் வரும் நாளில் பிள்ளையின் டெப் வெளியே நிற்க நேரிடும்.

வீட்டுக்கு வைக்கும் 4ஜி ரவுட்டர் இவை எல்லாவற்றையும் விட உறுதி. கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலோரம் உயரத்தில் வையுங்கள்; வெளி அன்டெனா பூட்டும் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பின்னர் கூரைக்கு மேல் ஒன்று வைக்கலாம். சிம் போடும் டெப் ஒரே ஒரு பிள்ளைக்கு, வெளியே டியூசனுக்கும் கொண்டு போகிறவருக்கு, நல்ல தெரிவு. வைஃபை என்ற பிரச்சினையே இல்லை. ஆனால் டெப்பின் அன்டெனா யன்னலோர ரவுட்டருக்கு ஈடாகாது, டேட்டாச் செலவும் பாருங்கள். காணொளியோடு ஒரு மணி நேர வகுப்பு 1 ஜிபியைத் தொடலாம்.

எந்தப் பொதி வாங்குவது என்று யாரையும் நம்ப வேண்டாம், நான் உட்பட. அயல் வீட்டில் எந்த வலையமைப்பு மாலை எட்டு மணிக்கு நிற்காமல் ஓடுகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு அதன் சிம்மை வாங்குங்கள்.

திருத்துவதா, புதிதா?

ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தும், ரீசெட் செய்தும், வேறு வைஃபையில் இணைத்தும் டெப் மட்டும் விழுந்தால் உள்ளே உடைந்திருக்கிறது. ஒரு மீற்றருக்குள் நன்றாக ஓடி, கதவைத் தாண்டினால் போய்விடுகிறது என்றால் அன்டெனாவின் தொடுப்பு விட்டிருக்கும். விழுந்த டெப்பிலும், திரை மாற்றிய டெப்பிலும் இது வழக்கம், ஏனென்றால் ஓரத்தில் இருக்கும் மெல்லிய தொடுப்புகள் மூடும்போது சரியாகப் பதியாமல் போகும். திரை மாற்றிய பின் தொடங்கிய கோளாறு என்றால் மாற்றிய கடைக்கே கொண்டுபோய்த் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சின்ன வேலை. முதுகு புடைத்திருந்தால் பட்டரி வீங்கியிருக்கிறது. அப்போது வைஃபையை மறந்துவிட்டு, சார்ஜ் செய்வதை அந்த நிமிடமே நிறுத்திப் பட்டரியைக் கழற்றக் கொடுங்கள்.

வைஃபை பொத்தானே சாம்பல் நிறமாகி அழுத்த முடியாமல் போனால் பலகையில் உள்ள சிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சூடாக்கித் திருத்துவதாகச் சொல்லும் கடைகள் உண்டு. சில காலம் ஓடும், மறுபடியும் போகலாம். பழைய, மலிவு டெப்புக்கு அந்தச் செலவை நான் செய்யமாட்டேன். ஆனால் தூக்கி எறியவும் வேண்டாம். ஓடிஜி ஏற்கும், அதாவது சார்ஜ் துளையில் வேறு கருவிகளையும் இணைக்கவிடும், அண்ட்ரொய்ட் டெப்புகள் பலவற்றிலும், டைப் சி துளை உள்ள ஐபேட்களிலும் டைப் சி லேன் அடப்டர் குத்தி வயரில் இணையம் எடுக்கலாம். வகுப்பு நடக்கும்போதே சார்ஜும் ஏற வேண்டும் என்றால் சார்ஜர் குத்தும் துளையுள்ள ஹப் வகையைக் கேளுங்கள். மேசையை விட்டு நகர முடியாத டெப் ஆகிவிடும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது குறை என்று எல்லாத் தாய்மாரும் நினைக்கமாட்டார்கள்.

புதிதாக வாங்குவது என்று முடிவானால் 2.4, 5 இரண்டும் உள்ளதா என்று பெட்டியில் பாருங்கள். மலிவு டெப்புகளில் 2.4 மட்டும் இருக்கும். காத்தான்குடி வீட்டுக்கு அது ஒத்துவராது. பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை வருடத்துக்கு வரும் என்று கேளுங்கள். சிம் வகை என்றால் ஐஎம்இஐ என்ற கருவி அடையாள எண் தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவில் பதிவானதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்: ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, 15 இலக்கத்தையும் 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். வைஃபை மட்டும் உள்ள டெப்புக்கு ஐஎம்இஐ இல்லை, கேட்கவும் வேண்டாம். பற்றுச்சீட்டில் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். கடையை விட்டு வெளியேறும் முன் உங்கள் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, அதைக் கடைக்காரரின் மேசையில் வைத்துவிட்டு, டெப்போடு கடையின் கடைசி மூலை வரை நடந்து போய் ஒரு காணொளியை ஓட விடுங்கள். நின்றால் அங்கேயே வேறொன்று கேட்கலாம்.